மயிலையின் கொம்புக்குக் குப்பி கடைந்தேன்

மாட்டிடம் நான் மரியாதையாகத்தான் பேசுவேன். "கொஞ்சம் அக்கட்ட நகருங்க" என்பேன். என் மனைவி அதே மாட்டை "போடி அக்கட்ட" என்பாள். கட்டிய கணவனான எனக்கு 'ங்க', கொம்பு வைத்த மாட்டுக்கு 'டி'. அதை வைத்து அவள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

கோவை கணபதியில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். பம்புக்கான ஷாஃப்ட், புஷ், இப்படி உருண்டையாக இருப்பதெல்லாம் என் கையில் அடங்கும். மெஷின் எனக்குப் பிடிக்கும். ஓடுகிற இடத்துக்கு மூடி உண்டு, அவசரத்துக்குச் சிவப்பு பட்டன் உண்டு. மாட்டுக்கு நிறுத்துகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அப்படிப்பட்டவன் எப்படி மாட்டுக்கு நடுவே வந்து மாட்டினேன் என்றால், எல்லாம் என் மனைவியின் முழங்காலால். கணபதி வீட்டில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலை மாற்றி வைத்தார்கள். "இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான்" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் தனியாகக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. விழப்போவது நானா?

மூன்று மாதம் அவள் கட்டிலிலும் நாற்காலியிலுமாக இருந்தாள். நடைப்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்து போனாள். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சுவாள். என் மனைவி சுவரை விடவே மாட்டாள். விட்டால் விழுந்துவிடுவேன் என்று அழுவாள். ஒருநாள் திடீரென்று, "நான் காட்டுக்குப் போறேனுங்க" என்றாள். சென்னிமலைக்குப் பக்கத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த கொறங்காடு இருக்கிறது. கொறங்காடு என்றால் விதைக்கிற காடு அல்ல, மாட்டுக்கென்றே விட்ட புல்வெளி. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், நுழைய ஒரு மூங்கில் படல். மாடுகள் ராவும் பகலும் அதற்குள்ளேயே கிடக்கும். ஓரத்தில் ஒரு சின்ன வீடு. அதில் போய் இருப்போம் என்றாள்.

மகன் பெங்களூரில் இருந்து போனில் கத்தினான். "அங்க மாட்டுக்கு ரெண்டு கொம்பு இருக்குதுங்கப்பா. அம்மா ஒரே ஒரு தடவை விழுந்தாலும் சரி, மாட்டை வித்துப்போட்டு ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துருவேன். எட்டாவது மாடியில உக்காந்துக்குங்க." அவள் விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் மகனுக்குப் பயந்து கொடுத்த வாக்கு அல்ல அது. மூன்று மாதம் அவள் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை மறுபடியும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் விழக் கூடாது. அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

காட்டில் மூன்று மாடுகள். இரண்டு செவலைகள் சாது. மூன்றாவது மயிலை. வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம், ஒரு முழத்துக்குக் குறையாத கொம்பு, யாரையும் நேராகப் பார்க்கிற பார்வை. பட்டறைக்கு வரும் வரி அதிகாரிகளில் ஒருவர் அப்படிப் பார்ப்பார்.

முதல் வாரமே பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டேன். கொம்பு மாட்டிடம் எப்படி நடந்துகொள்வது என்று போனில் தேடித் தேடி வீடியோ பார்த்தேன். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகக் கூடாது. பின்பக்கமாகப் போகக் கூடாது. பேசிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் மாடு திடுக்கிடாது. தப்பிக்க ஒரு வழியை முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இதைத் தெரிஞ்சுக்கப் போன் வேணுமுங்களா?" என்றாள்.

பட்டறையில் எச்சரிக்கைப் பலகை இல்லாமல் நான் மெஷின் ஓட்டியதில்லை. ஆகவே படலுக்கு மேலே கட்ட ஒரு பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். 'கொம்பு மாடு உள்ளது. கவனம். அனுமதியின்றி நுழையாதீர்' என்று எழுதிக் கொடுத்தேன். பிளெக்ஸ் கடைக்காரருக்குக் கல்யாணமும் காதுகுத்தும் அடித்தே பழக்கம். "போட்டோ இல்லாமயாங்க?" என்று வருத்தப்பட்டார். வருத்தம் தாங்காமல் அவராகவே மேலே இரண்டு குத்துவிளக்கும் கும்பிடுகிற கையும் போட்டு 'வருக வருக' என்று பெரிய எழுத்தில் சேர்த்துவிட்டார். கீழே சின்னதாக நான் எழுதிக் கொடுத்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அவ்வளவு ஆசையாகச் செய்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி வாங்கிவந்து கட்டினேன். ஆடி மாதக் காற்று அடித்து கீழ்ப் பாதியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. குத்துவிளக்கும் 'வருக வருக'வும் மட்டும் மிஞ்சின.

அடுத்தது குப்பி. பொங்கலுக்கு மாட்டின் கொம்பு நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவார்களே, அதே யோசனைதான். ஆனால் அழகுக்கு அல்ல, ஆபத்துக்கு. நைலான் கட்டையைக் கடைந்து பந்து மாதிரி இரண்டு குப்பி செய்து கொம்பு நுனியில் ஒட்டிவிட்டால், முட்டினாலும் குத்தாது. இதைக் கடையத் தெரியாதவனா நான்? அளவு மட்டும்தான் வேண்டும்.

அளவு எடுக்க வெர்னியரோடு போனேன். என் மனைவி இடது கையால் மயிலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பருத்திக்கொட்டை ஊட்டினாள். நான் படலுக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் நீட்டினேன். கொம்பு நேராகவும் இல்லை, வட்டமாகவும் இல்லை. போகப் போகச் சிறுக்கிறது, சிறுத்துக்கொண்டே திரும்புகிறது. அதைவிட, ஒரே மாட்டின் இரண்டு கொம்பும் ஒரே அளவில் இல்லை. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். இப்படி ஒரு பீஸை நான் அனுப்பியிருந்தால் பார்ட்டி அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பான். கடவுளைக் கேட்க ஆள் இல்லை.

சரி, அச்சு எடுத்துவிடலாம் என்று சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து கொம்பு நுனியில் அப்பினேன். காயட்டும் என்று திரும்புவதற்குள் செவலை ஒன்று வந்து நக்கித் தின்றுவிட்டது. அளவு அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. இரண்டாவது தடவை இரண்டு செவலைகளும் வரிசையில் வந்து நின்றன. மயிலை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. கடைசியில் கண்ணளவாகவே கடைந்தேன். முப்பது வருஷத்தில் நான் கண்ணளவாகச் செய்த ஒரே பொருள் அதுதான். பழைய பட்டறையில் எனக்குப் பிறகு வந்தவர் முன்னால் நின்று அதைக் கடையும்போது எனக்கு அவமானமாக இருந்தது. என்ன பார்ட் என்று கேட்டார். ஏற்றுமதி என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பு பெயின்ட் அடித்து, குழாய்க்குப் போடும் பசையில் ஒட்டினேன். "ரெண்டு பக்கமும் பல்பு மாட்டுன மாதிரி இருக்குதுங்க" என்றாள் என் மனைவி. இடது குப்பி மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. வலது குப்பி நின்றுவிட்டது. மயிலை அதைத் தொட்டி விளிம்பில் டொக் டொக்கென்று தட்டித் தண்ணீர் கேட்கப் பழகியது. மகனிடம் போனில், ஐம்பது சதவீதம் வேலை முடிந்தது என்றேன்.

இவ்வளவு பாடுபட்டும் அவள் அடங்கவில்லை. தினமும் காலையிலும் பொழுதோடவும் காட்டுக்குள் போவாள். நான் பின்னாலேயே போனால், "நீங்க வந்தா அதுக மெரளுதுங்க" என்று படலோடு நிறுத்திவிடுவாள். மேடு பள்ளமும் கல்லுமான காடு. பல நாள் நான் போய்ப் பார்க்கும்போது அவளுடைய ஊன்றுகோல் படலில் சாத்திக் கிடக்கும். அவள் எங்கோ மரத்துக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு வந்ததும் சண்டை போடுவேன். "மறந்துபோட்டேனுங்க" என்பாள். கால் சரியில்லாதவள் கோலை எப்படி மறப்பாள்? கோபத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

புரட்டாசியில் ஒருநாள் விடியும்போது, சினையாக இருந்த மயிலை கன்று போட்டது. வெள்வேல மரத்தடியில், யார் உதவியும் இல்லாமல். ஈன்ற மாடு எவ்வளவு ஆபத்து என்று ஐந்து வீடியோ பார்த்தவன் நான். மூன்று நாளைக்குப் படலைத் தாண்டக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டேன். தண்ணீர் திறந்துவிடுவதும் கன்றைப் பார்ப்பதும் என் பொறுப்பு. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

பார்க்கும்படியாகத்தான் இருந்தேன். தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். மார்பில் வெல்டிங் வைக்கும்போது கட்டும் தோல் ஏப்ரன். முழங்கை வரை கையுறை. காலில் ரப்பர் பூட்ஸ். கேடயமாக ஒரு பிளாஸ்டிக் சேர், கால்கள் முன்பக்கம் நீட்டியபடி. பேசிக்கொண்டே போக வேண்டும் என்ற விதியை மறக்கவில்லை. "நாந்தானுங்க, பயப்படாதீங்க, தண்ணி தொறக்கத்தான் வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அது வெளியே எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மயிலை என்னை வேட்டியில் பார்த்திருக்கிறது. நான்கு கால் நீட்டிக்கொண்டு உறுமுகிற இந்த உருவத்தை அது பார்த்ததில்லை.

வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சேரை எறிந்துவிட்டுத் தண்ணீர் டேங்க் வைத்திருக்கும் கல்மேடைக்கு ஓடினேன். நான்கு கல்தூண், மேலே ஒரு பலகைக் கல், ஏற மூன்று படி இரும்பு ஏணி. தப்பிக்கும் வழியை முதலிலேயே பார்த்துவைத்திருந்தேன் என்பதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால், மயிலை சேரை முட்டி, வலது கொம்பை அதன் முதுகிலுள்ள ஓட்டைக்குள் விட்டிருந்தது. எடுக்க முடியவில்லை. கொம்பு மட்டுமென்றால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். நுனியில் நான் ஒட்டிய குப்பி விடவில்லை. அவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறேன். தலையில் சேரோடு மயிலை மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தது, அதற்கும் நான்தான் காரணம் என்று தெரிந்த மாதிரி.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. என் மனைவியின் பெரியப்பா மகனும் அவர் மனைவியும். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பழம், குங்குமம், பத்திரிகைக் கட்டு. மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறார்கள். படலுக்கு மேலே 'வருக வருக'வைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார்கள்.

"ஏனுங்க மாப்ள, சௌரியமுங்களா?" என்று மச்சான் கேட்டார். ஹெல்மெட்டும் ஏப்ரனுமாக டேங்கைக் கட்டிப்பிடித்து நிற்கிற ஒருவனிடம் வேறு எதுவும் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். தலையில் சேரோடு நடக்கிற மாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் அப்படித் தலையிடமாட்டோம்.

"சௌரியமுங்க மச்சான். உள்ள வாங்க, வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. 'வராதீங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாசலில் உறவுக்காரர்கள், எங்கள் பேச்சில் ஒறம்பரை, வந்து நிற்கும்போது, அதுவும் பத்திரிகையோடு நிற்கும்போது, அந்த வார்த்தை எந்தக் கொங்கு நாட்டுக்காரன் வாயிலிருந்து வரும்? திருத்திவிடலாம் என்று மறுபடி முயன்றேன். "ஏன் அங்கியே நின்னுட்டீங்க, வாங்க" என்றுதான் வந்தது. இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு வராமல் இருப்பது அவர்களுக்கும் மரியாதை இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படலைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

மயிலை திரும்பியது. அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் வெறுங்காலோடு அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. மச்சானின் மனைவி, அந்தக்கா, தாம்பாளத்தோடு ஏணி ஏறினார். ஒரு வெற்றிலை கூட விழவில்லை. மூன்று பேரும் கல் மேல் நெருக்கி உட்கார்ந்தோம். மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வீட்டோரத் தென்னையெல்லாம் எப்படீங்க?" என்றார் மச்சான்.

"காய்ப்பு கம்மிதானுங்க" என்றேன்.

"இங்கயே பத்திரிகை வச்சறலாமுங்க" என்று தொடங்கிய மச்சானை அந்தக்கா தடுத்தார். பத்திரிகை வைப்பதென்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நின்று, நான்கு கையாலும் தாம்பாளத்தை வாங்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அழைத்ததாகவே கணக்கில்லை. நான் யோசிப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். "அம்மணி, நாங்க வந்திருக்கறம். உங்க காட்டுக்குள்ளதான் இருக்கறம். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா கண்ணு." மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை அவமானப்படுத்தக் கூடாது என்கிற நல்ல மனசு.

என் மனைவி வந்தாள். தூரத்தில் ஊன்றுகோலோடு வருவது தெரிந்தது. படலுக்குப் பக்கத்தில் வந்ததும் கோலைச் சாத்தி வைத்தாள். மறக்கவில்லை. வேண்டுமென்றே, சாவியை ஆணியில் மாட்டுவது போல, சாத்தி வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். மயிலை அவள் பக்கம் திரும்பி ஓடத் தொடங்கியது.

எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் வெறும் கவலை. கத்தினேன், சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளேயே முட்டிக்கொண்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, "வராதே! திரும்பிப் போ!" என்று கத்திக்கொண்டு குறுக்கே ஓடினேன். பூட்ஸ் தடுக்கி மயிலைக்கு நேர் முன்னால் விழுந்தேன். மயிலை நின்று என் முகத்தை ஒரு தடவை மோந்து பார்த்தது. இவன்தானா என்கிற மாதிரி மூச்சு விட்டது. பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"ஏனுங்க, மாட்டுமேல எதுக்குங்க சேரு?" என்றாள் என் மனைவி. மயிலை அவளுடைய இடது பக்கமாகப் போய் நின்று தலையைத் தாழ்த்தியது. அவள் குப்பியைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். வந்துவிட்டது. சேரைக் கழற்றிக் கீழே வைத்தாள். "வாடி சாமி" என்று சொல்லிக் கொம்பின் அடிப்பக்கத்தை இடது கையால் பிடித்தாள். இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். அவள் கால் இழுக்கும் இடத்தில் மயிலையும் நின்றது. பள்ளம் வந்த இடத்தில் அவள் பாரம் முழுவதையும் கொம்பில் போட்டாள். மயிலை கழுத்தை விறைப்பாக வைத்துக் கொடுத்தது. இரண்டு பேருக்கும் அது பழகிப்போன நடை என்பது எனக்கே தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றேன், தரையில் உட்கார்ந்தபடியே.

"வந்த மறுவாரத்துல இருந்தேங்க. குச்சி கல்லுல வழுக்குதுங்க. இவ வழுக்கமாட்டா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு போர்டு எழுதியிருப்பீங்க."

பந்து ஒட்டி மழுக்கப் பார்த்தேனே, அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் நடந்திருக்கிறாள். என் மேல் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பூட்ஸைக் கழற்றினேன்.

மேடை மேல் இருந்தவர்கள் இறங்கத் துணியவில்லை. "இங்கிருந்தே வச்சறமுங்க" என்றார் மச்சான். இரண்டு பேரும் கல்லின் விளிம்பில் மண்டியிட்டு, நல்ல கனமான தாம்பாளத்தைக் கீழே நீட்டினார்கள். நான் எழுந்து மனைவியின் வலது பக்கம் போய் நின்றேன். என் இரண்டு கையையும் தாம்பாளத்தில் வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவளும் இரண்டு கையையும் வைக்க வேண்டும். அவளைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. பிடித்துக்கொள்ள அவளுக்கும் கை இல்லை.

"ஒரு கையில வாங்கிக்க, பரவால்ல" என்றேன் மெதுவாக.

"கல்யாணச் சேதிங்க" என்றாள்.

கொம்பை விட்டாள். மயிலை ஓரடி தள்ளி நின்றுகொண்டது. என் மனைவி சேலையை இழுத்துச் செருகி, இரண்டு கையையும் நீட்டி, தாம்பாளத்தின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். அந்தக்கா பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் ஊர், முகூர்த்த நேரம், முந்தின நாள் விருந்து என்று முறைப்படி ஒன்று விடாமல் சொன்னார். குடும்பத்தோடு வர வேண்டும் என்றார், இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்றார். அவ்வளவு நேரமும் அவள் நின்றாள். சுவர் இல்லை, கோல் இல்லை, கொம்பு இல்லை, நான் இல்லை. கால் கொஞ்சம் நடுங்கியது, நின்றாள். "கட்டாயம் வாரோமுங்க" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாம்பாளத்தில் இரண்டு கையும் இருந்ததால் துடைக்க முடியவில்லை. சத்தமாகவே வந்தது. அந்தக்கா வெற்றிலையைச் சரிசெய்தார். மச்சான் தலையைத் தூக்கி, மேகமே இல்லாத வானத்தை நன்றாகப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மழை எப்படீங்க மாப்ள?" என்றார்.

"பரவாயில்லீங்க மச்சான்" என்றேன்.